வாமதேவன் எத்தனை தரம் செத்தவர்?

"உன் கணவர் மொத்தம் எத்தனை தரம் செத்தார், வசந்தா?"

மதாம் லூர்து இதைக் கத்திக் கேட்கவில்லை. கத்தியிருந்தால் வசந்தரூபி தாங்கியிருப்பாள். மூன்று வருஷமாக அந்த ஓட்டலில் அறை துப்புரவு செய்கிறவளுக்குக் கத்தல் ஒன்றும் புதிதல்ல. மதாமோ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். அதுதான் சுட்டது.

கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லாச்சப்பலுக்கு ஏறுகிற வழியில் இருக்கும் நடுத்தர ஓட்டல் அது. நிலவறையில் துணி அறை, அதற்குள்ளே மதாமின் மேசை. போர்த்துக்கல்லில் பிறந்த மனுசி. கட்டில் விரிக்கிறவளாகச் சேர்ந்து, பத்தொன்பது வருஷத்தில் கட்டில் விரிக்கிறவர்களுக்குத் தலைவியானவர். கம்ப்யூட்டரை நம்பமாட்டார். யார் எப்போது லீவு கேட்டார், என்ன காரணம் சொன்னார் என்பதையெல்லாம் ஒரு நீலக் கொப்பியில் எழுதி வைப்பார். அந்தக் கொப்பிக்கு மறதி என்பதே கிடையாது.

"இரண்டாயிரத்துப் பதினாறு. நவம்பர் மூன்று. காரணம், கணவர் இறந்த நாள்" என்று வாசித்தார் மதாம். "போன வருஷம் அக்டோபர் இருபத்துமூன்று. காரணம், கணவர் இறந்த நாள். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கின முதல் திங்கள் அது. இந்த வருஷம் நவம்பர் பதினொன்று. அதே காரணம். நாட்டுக்கே விடுமுறை நாள். உன் கணவர் விடுமுறை பார்த்துத்தான் சாவாரா?"

அந்த வருஷத்து நவம்பர் பதினொன்று வெறும் விடுமுறையுமல்ல. முதலாம் உலகப் போர் நின்று சரியாக நூறு வருஷம். உலகத்துத் தலைவர்கள் எல்லாம் பாரிசுக்கு வருகிறார்கள் என்று ரேடியோ இரண்டு மாதமாகக் கூவிக்கொண்டிருந்தது. தலைவர்கள் இந்த ஓட்டலுக்கு வரப்போவதில்லை, ஆனால் அவர்களைப் படம் பிடிக்கிறவர்கள் வருகிறார்கள். அறுபத்தெட்டு அறையும் நிரம்பிவிட்டது.

வாமதேவன் செத்தது ஒரே ஒரு தரம்தான். இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி மாதம், வளர்பிறைச் சதுர்த்தி. கிளிநொச்சியை விட்டுச் சனம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்த மழைக்காலம். வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தால் போகிற இடத்தில் பிள்ளை நனையாமல் படுக்கும் என்று திரும்பிப் போனான். செல் குண்டு விழுந்தது. தகரமும் வரவில்லை, அவனும் நடந்து வரவில்லை.

எங்கள் ஆட்கள் இறந்தவரின் நாளை ஆங்கில மாதத்தில் வைப்பதில்லை, பிறையில் வைப்பார்கள். ஐப்பசி அமாவாசை கழிந்து நாலாம் நாள் போனவர் என்றால் வருஷா வருஷம் அந்த நாலாம் நாள்தான் அவருக்குச் சோறு. அது ஒரு வருஷம் அக்டோபரில் விழும், இன்னொரு வருஷம் நவம்பரில் விழும். கிளிநொச்சியில் இதை ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. பாரிசில் ஒரு நிலவறையில், கையில் இருக்கிற இருநூறு பிரெஞ்சுச் சொல்லை வைத்துக்கொண்டு விளக்குவது வேறு விஷயம்.

"மதாம், சந்திரன்" என்றாள் வசந்தரூபி. "சந்திரன் போகும், வரும். என் கணவர், சந்திரனோடு."

"உன் கணவர் சந்திரனோடு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு மதாம் கொப்பியை மூடினார். "வசந்தா, இஞ்சே எல்லோரும் பொய் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும். நீ சொல்லமாட்டாய் என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமைக்குள் எனக்கு நம்புகிற மாதிரி ஏதாவது கொண்டுவா. இல்லாவிட்டால் பதினோராம் திகதி வேலைப் பட்டியலில் உன் பெயர் இருக்கும். பொய்க்காரணம் சொன்னதாக மேலே எழுதவும் வேண்டிவரும்."

மேலே எழுதுவது என்றால் என்ன என்று வசந்தரூபிக்குத் தெரியும். ஒரு கடிதம் வரும். இரண்டாவது கடிதம் வந்தால் வேலை போகும். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

நடைபாதையில் கமலராணி துவாய் அடுக்கிக்கொண்டு நின்றாள். யாழ்ப்பாணத்துக்காரி. வசந்தரூபியைவிடப் பத்து வயது மூத்தவள். எட்டு வருஷ ஓட்டல் அனுபவம். கதவுக்கு வெளியே நின்றே முழுவதையும் கேட்டிருந்தாள்.

"எடி விசரி, உண்மையைச் சொல்லி ஆரடி இஞ்சை லீவு எடுத்தது? டொக்டரிட்டைப் போய் நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது எண்டு துண்டு வாங்கு. நான் போன தீபாவளிக்கு நாரிப்பிடிப்பு. அதுக்கு முதல் வருஷம் காய்ச்சல். உந்த மனுசி ஒரு சொல்லுக் கேட்டதே?"

"இல்லை அக்கா. அவரின்ர நாளுக்குப் பொய் சொல்லி நிக்கமாட்டன்."

"அவருக்கு என்ன, தெரியவே போகுது?"

"எனக்குத் தெரியுமெல்லே."

கமலராணி துவாயைப் பொத்தென்று வைத்தாள். "அப்ப போய்ப் பதினோராந் திகதி கக்கூஸ் கழுவு" என்றாள். கோபத்தில் சொன்னாலும் அன்று வசந்தரூபியின் இரண்டு அறையைத் தானே செய்து கொடுத்தாள்.

வசந்தரூபி ஒன்றும் அரிச்சந்திரனுக்குப் பிறந்தவளல்ல. சோதனைச் சாவடியில் பொய் சொல்லியிருக்கிறாள், முகாமில் சொல்லியிருக்கிறாள், ஏஜென்சிக்காரன் கொடுத்த பெயரில் விமானம் ஏறியிருக்கிறாள். சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவள் அவள். ஒரே ஒரு விஷயத்திலாவது பொய் கலக்காமல் இருக்கட்டும் என்று வாமதேவனின் திவசத்தை ஒதுக்கி வைத்திருந்தாள். உலகம் எப்படியோ அந்த ஒன்றில் வந்துதான் அவளைப் பொய்க்காரி என்றது.

புறநகர் ஸ்தேனில் இருக்கும் வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்தாள். எடுக்கும்போதே பிரயோசனமில்லை என்று தெரியும். அது முகாமில் பதிந்தது. நூறு பேரை வரிசையில் நிறுத்தி வைத்து ஒரே காலையில் வாய்க்கு வந்த திகதியை எழுதினார்கள். வாமதேவனுக்கு விழுந்தது 2009 பெப்ரவரி பன்னிரண்டு. திருத்தச் சொல்லிக் கேட்க அப்போது அவளிடம் வாயும் இருக்கவில்லை. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் கொப்பியில் நாலாவது சாவையும் மதாம் எழுதிக்கொள்வார். பத்திரத்தைத் திரும்ப வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து ரூ பிலிப்-து-ஜிராரில் குலசிங்கத்தின் பலசரக்குக் கடைக்குப் போனாள். வருஷம் பிறக்கும்போது வாடிக்கையாளர்களுக்குப் பிள்ளையார் படம் போட்ட கலண்டர் கொடுக்கிற கடை.

"அண்ணை, போன வருஷத்துக் கலண்டரும் அதுக்கு முந்தின வருஷத்தானும் கிடக்கே?"

குலசிங்கம் தராசிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சனம் வாற வருஷத்துக் கலண்டரை எப்ப தருவாய் எண்டு என்ர உயிரை எடுக்குது. நீ முடிஞ்சதைக் கேக்கிறாய். முடிஞ்ச நாளை வைச்சு என்ன பிள்ளை செய்யப்போறாய்?"

"வெள்ளைக்காரிக்குக் காட்ட வேணும் அண்ணை."

வெள்ளைக்காரிக்கு என்றதும் அவருக்குப் புதினம் பிடித்துக்கொண்டது. பின்னறைக்குப் போய், மிளகாய்த்தூள் மூட்டைகளுக்கு அடியில் விரித்திருந்த இரண்டையும் இழுத்தெடுத்துத் தட்டிக்கொண்டு வந்தார். தட்டினதில் கடையில் நின்ற நாலு பேரும் தும்மினார்கள். வசந்தரூபி கையோடு கொண்டுவந்த இந்த வருஷத்தானையும் சேர்த்து அரிசி மூட்டை மேல் மூன்று வருஷத்தையும் பரப்பி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஐப்பசியைப் பார்த்து முடித்த பிறகும் புரட்டினாள். பங்குனிப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எதையோ கண்டு நின்றாள். மற்றக் கலண்டரிலும் பார்த்தாள். மூன்றையும் சுருட்டிக்கொண்டு, அண்ணைக்கு நன்றி சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை காலை மதாமின் மேசையில் மூன்று கலண்டரையும் விரித்தாள். மதாம் தும்மினார்.

"மதாம், இது கறுப்பு. சந்திரன் இல்லை" என்று 2016இல் அமாவாசைக்குப் போட்டிருந்த கறுப்பு வட்டத்தில் விரலை வைத்தாள். அக்டோபர் முப்பது. அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பிரெஞ்சில் எண்ணினாள். விரல் நவம்பர் மூன்றில் நின்றது. 2017. கறுப்பு வட்டம் அக்டோபர் பத்தொன்பது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இருபத்துமூன்று. இந்த வருஷம் கறுப்பு வட்டம் நவம்பர் ஏழு. எண்ணினாள். பதினொன்றில் நின்றது.

மதாம் நீலக் கொப்பியைத் திறந்து மூன்று திகதியையும் ஒத்துப் பார்த்தார். பிறகு தன் விரலால் தானும் ஒருமுறை எண்ணினார்.

"சரி, கணக்குச் சரி" என்றார். "ஆனால் மனுசன் ஒரு நாளில்தானே செத்தார்? அது எந்தத் திகதியோ, வருஷா வருஷம் அந்தத் திகதியில் செய்யேன். இல்லாவிட்டால் நவம்பர் முதலாம் திகதி, இறந்தவர்களை நினைக்கிற துசானுக்கு இந்த நாடே கல்லறைக்குப் பூச்சாடி கொண்டு போகிறது. நீயும் அதோடு சேர்த்துச் செய். ஏன் இப்படி ஓடித் திரியும் நாள்?"

வசந்தரூபி இதற்குத்தான் காத்திருந்தாள். 2016ஐத் திருப்பி மார்ச் மாதத்தை எடுத்தாள். இருபத்தைந்தாம் திகதியில் சிவப்பாகப் பெரிய வெள்ளி என்று போட்டு, பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை. தமிழ் எழுத்து மதாமுக்குத் தெரியாது, சிலுவை தெரியும். பிறகு 2017, ஏப்ரல் பதினாலு. சிலுவை. பிறகு 2018, மார்ச் முப்பது. சிலுவை.

"மதாம்" என்றாள். "யேசு எத்தனை தரம் செத்தார்?"

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மதாம் கழுத்தில் பொன் சிலுவை போட்டிருக்கிறவர். வேலை போனது போனதுதான் என்று நினைத்து வசந்தரூபி கலண்டர்களைச் சுருட்டத் தொடங்கினாள்.

மதாம் மெதுவாகச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருந்தது.

"ஐம்பத்தெட்டு வயதாகிறது" என்றார். "ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை." கண்ணாடியைத் துடைத்தார். "நான் இஞ்சே வந்து பத்தொன்பது வருஷம். ஒரு துசானுக்கும் அம்மாவின் கல்லறைக்குப் போக முடியவில்லை. அறைகள், அறைகள். என் சகோதரிதான் பூ வைக்கிறாள். சரி, உனக்குப் பதினோராம் திகதி. ஆனால் ஒன்று. அதற்கு முன்னால் இருக்கிற உன் ஓய்வு நாள் எல்லாவற்றையும் எனக்குத் தர வேண்டும். துசானுக்கும் வேலை. முடியுமா?"

"முடியும் மதாம்."

அக்டோபர் முப்பது தொடக்கம் நவம்பர் பத்து வரை, பன்னிரண்டு நாள் ஒரே மூச்சில் வேலை செய்தாள். நாளுக்குப் பதினாலு அறை. சனிக்கிழமை இருபத்தொன்று. கமெராக்காரர்கள் கட்டிலில் இருந்தே சாப்பிடுகிற சாதி. மெத்தை தூக்கித் தூக்கி வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. இரவு வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியாமல் மகள் லக்ஷனாதான் கழற்றிவிட்டாள்.

லக்ஷனாவுக்குப் பதின்மூன்று வயது. தகப்பன் போகும்போது மூன்று. அவளுக்கும் அந்தப் பதினோராம் திகதி ஒரு வேலை இருந்தது. நகரசபைக்கு முன்னால் இருக்கும் போர் நினைவுத் தூணில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இறந்த சிப்பாய்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். அவளுக்குப் பதினொரு பெயர்.

"நீங்களும் வாங்கோவன் அம்மா. பதினொரு மணிக்குத்தான்."

"அப்பாவுக்குப் பன்னிரண்டுக்குள்ளை படைக்க வேணும் ராசாத்தி. நீ போய் வடிவா வாசிச்சிட்டு வா. வரச் சோறு இருக்கும்."

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழுந்தாள். முழுகினாள். வாமதேவனின் படத்தைத் துடைத்து மேசையில் வைத்து விளக்கேற்றினாள். பூசணி, கத்தரி, வாழைக்காய், பயற்றங்காய் எல்லாம் வெட்டித் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டாள். பருப்புக் கழுவினாள். விரதம் என்பதால் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. ஒன்பதரைக்கு லக்ஷனா பெயர் எழுதின தாளோடு கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அரிசியைக் கழுவி ஊறவைத்தாள். அது ஊறும்வரை ஐந்து நிமிஷம் இருப்போம் என்று கதிரையில் உட்கார்ந்தாள்.

கண் விழித்தபோது யன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. முதலில் விடிகிறது என்று நினைத்தாள். கழுத்துக்குக் கீழே யாரோ போர்த்திவிட்ட போர்வை. வீட்டில் முட்டை பொரித்த மணம். சுவர் மணிக்கூடு நாலு நாற்பது காட்டியது. அதை நம்பாமல் கைபேசியைப் பார்த்தாள். அதுவும் நாலு நாற்பது என்றது.

"லக்ஷனா! ஏன் என்னை எழுப்பேல்லை?"

மகள் அறையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். பயந்தால் அவளுக்குத் தமிழ் வராது. நீங்கள் நித்திரை, அம்மா, என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு தமிழைத் தேடிப் பிடித்து, "இரண்டு தரம் எழுப்பினனான். நீங்கள் எழும்பேல்லை. வாயைத் திறந்துகொண்டு படுத்தனீங்கள். பாவமாய்க் கிடந்தது" என்றாள்.

திவசத்தன்று வீட்டில் முட்டை பொரித்ததற்கு ஏசத்தான் வாயெடுத்தாள். ஏச்சு வரவில்லை. வெட்டின பூசணி ஓரத்தில் வாடி இருந்தது. விளக்கு எப்போதோ அணைந்துவிட்டது. இனி ஐந்து கறி வைத்து, படைத்து, காகத்தைக் கூப்பிட்டால் இருட்டில் எந்தக் காகம் வரும்? வசந்தரூபிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், உடம்பு சுகமாக இருந்ததுதான். ஏழு மணி நேரம் ஒரு கனவும் இல்லாமல் படுத்திருக்கிறாள். வன்னியை விட்ட பிறகு அப்படிப் படுத்ததாக அவளுக்கு நினைவில்லை.

எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "மன்னியுங்கோ. இண்டைக்கு ஏலாமல் போச்சு" என்றாள். வாமதேவன் கலியாணத்துக்கு எடுத்த படத்தில் கமெராவைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்கு அதில் இருபத்தெட்டு வயது. அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு. இந்தக் கிழவி யார் என்று கேட்பதுபோல இருந்தது. அழலாம் என்று பார்த்தாள், அதற்கும் தெம்பில்லை.

தாயும் மகளும் பாணும் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தார்கள்.

"பேர் வாசிச்சனியே?"

"ஓம். மேயர் கை தந்தவர். ஒவ்வொரு பேருக்கும் பிறகு எல்லாரும் சேர்ந்து, பிரான்ஸுக்காக இறந்தவர் எண்டு சொல்ல வேணும்." லக்ஷனா பாணைத் தோய்த்தாள். "அவை எல்லாம் வேற வேற நாள் செத்தவையாம் அம்மா. ஒருத்தர் ஓகஸ்டிலை, ஒருத்தர் மார்ச்சிலை. ஆனா நாள் ஒண்டுதான். எல்லாருக்கும் சேர்த்து."

"அது நல்லது" என்றாள் வசந்தரூபி. "லீவு கேக்கத் தேவையில்லை."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நிலவறைக்குப் போனாள். மதாம் லூர்து மேசைக்குப் பின்னால் காலை ஒரு பெட்டிமேல் நீட்டி வைத்து, முழங்காலுக்கு ஐஸ் கட்டி வைத்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நேற்று இரண்டு பேர் வரவில்லை. ஒருத்திக்கு நாரிப்பிடிப்பாம்" என்றார். "உன்னுடைய பதினாலு அறையையும் நான்தான் செய்தேன். வருஷக்கணக்கில் கட்டில் விரிக்காத முழங்கால். பரவாயில்லை. ஒவ்வொரு கட்டிலாக விரிக்கும்போதும், இப்போது வசந்தா தன் கணவருக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கும் ஒரு செபம் சொன்னேன்." அவர் வசந்தரூபியின் வீங்கின கையைப் பிடித்தார். "சொல்லு. எல்லாம் நேரத்துக்கு, முறைப்படி நடந்ததா?"

வசந்தரூபி ஐஸ் கட்டின அந்த முழங்காலைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு சொல்லே போதும். அது அவளிடம் இருந்த இருநூறு சொல்லுக்குள்ளே இருந்தது.

"ஓம் மதாம்" என்றாள். "பன்னிரண்டு மணிக்கு முதலே. ஐந்து கறி. எல்லாம் முறைப்படி."

மதாமின் கண் கலங்கியது. இந்தத் தடவை ஆதாரம் ஒன்றும் கேட்கவில்லை. நீலக் கொப்பியை எடுத்து, அடுத்த வருஷத்துக்கு இப்போதே எழுதி வைக்கிறேன், எந்தத் திகதி என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றாள் வசந்தரூபி. தள்ளுவண்டியில் துவாய்களை அடுக்கிக்கொண்டு முதலாம் மாடிக்குப் போய், முதல் அறையைத் திறந்து கதவைச் சாத்தினாள். கலைந்து கிடந்த கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, நேற்று வராத அழுகையை அங்கே அழுதாள்.